அட்டையில் மிஞ்சிய இரண்டு போல்ட்டுகள்

"நகக்கண்ணுல இருக்குற கறுப்பு மட்டும் போக மாட்டேங்குதும்மா," என்றார் ஈமச்சடங்கு நிறுவனத்திலிருந்து வந்திருந்தவர். மாசிலாமணியின் வலக்கையைத் தம் முழங்காலின்மேல் கிடத்தி, பல்துலக்கியால் தேய்த்துக்கொண்டிருந்தார். சோப்பைப் போட்டாயிற்று, எலுமிச்சம்பழத்தை அறுத்துத் தேய்த்தாயிற்று. ஜூரோங் கப்பல் பட்டறையில் முப்பத்தாறு ஆண்டுகள் சேர்ந்த கறுப்பின்மேல் கடைசிக் காலையின் கறுப்பும் படிந்திருந்தது.

"வெள்ளை க்ளவுஸ் இருக்கு. போட்டுடவா?"

"போட்டுடுங்க லா," என்றான் சரத், கைபேசியிலிருந்து தலையை எடுக்காமல். "என் ஆபீஸ்லேருந்து ஆளுங்க வருவாங்க. பார்க்க டீசன்ட்டா இருக்கட்டும்."

"வேணாம்," என்றாள் லீலா.

"அம்மா, அது வெறும் கறுப்பு..."

"அவரு கைதான் அது. அப்படியே இருக்கட்டும்."

அந்த மனிதர் மகனைப் பார்த்தார், தாயைப் பார்த்தார். பல்துலக்கியைத் துடைத்துப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

தோ பாயோவில் அவர்கள் குடியிருக்கும் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் நீலத் துணி கட்டியிருந்தார்கள். வட்ட மேசைகளில் பொட்டலப் பானங்களும் கச்சான் கடலையும் இருந்தன. மருமகள் கவிப்ரியா வருகிறவர்களுக்கெல்லாம் நாற்காலி இழுத்துப் போட்டுக்கொண்டிருந்தாள். அன்று திங்கட்கிழமை. ஒன்பதரை மணிக்கு லீலா ஆங் மோ கியோவில் முழங்கால் பயிற்சிக்குப் போயிருக்க வேண்டும். அறுவை சிகிச்சை முடிந்த பிறகு ஒரு திங்கட்கிழமைகூட அவள் தவறவிட்டதில்லை; தவறவிட மாசிலாமணி விட்டதில்லை. வாடகைக் காரை வரவழைத்த ஒரே ஒரு நாள், மின்தூக்கியிலிருந்து அவள் ஊன்றி ஊன்றி வந்து சேர்வதற்குள் ஓட்டுநர் பயணத்தை ரத்து செய்துவிட்டுப் போய்விட்டார். அன்றிலிருந்து தம் பழைய காரில் அவரே அழைத்துப் போனார்.

இந்நகரில் மனிதருக்கு இல்லாத ஒன்று வாகனத்துக்கு உண்டு. அது சாக வேண்டிய நாள் முன்கூட்டியே எழுதப்பட்டிருக்கும். வாகனம் வைத்திருக்க அரசு தரும் உரிமைச் சான்றிதழின் பத்தாண்டுகள் முடிந்தபோது மாசிலாமணி தம் காருக்கு இன்னும் ஐந்தாண்டு வாங்கிக் கொடுத்தார். அப்படி வாங்கினால் மறுமுறை நீட்டிக்க வழியில்லை. அந்த ஐந்தாண்டும் தேய்ந்து, ஐந்து மாதம் எஞ்சியிருந்த வேளையில்தான் தண்ணீர் பம்பு ஒழுகத் தொடங்கியது. எஞ்சினைச் சூடேறாமல் காக்கும் சிவப்புத் திரவம் ஒவ்வொரு நாளும் தரையில் சொட்டிக் காய்ந்தது.

வியாழக்கிழமை மாலை தொலைபேசியில் தந்தைக்கும் மகனுக்கும் நடந்த வாக்குவாதத்தை லீலா கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். மாசிலாமணிக்குக் காது மந்தம். எதையும் ஒலிபெருக்கியில் போட்டுத்தான் பேசுவார்.

"அஞ்சு மாசத்துல ஸ்கிராப் ஆகப்போற வண்டிக்குப் புது பம்பாப்பா?"

"அந்த அஞ்சு மாசம் ஓடணும்ல?"

"கிராப் டாக்ஸி புடிச்சுப் போங்க. அந்த கார்பார்க்ல ரிப்பேர் பண்ணக் கூடாது, தெரியும்ல? ரூல் இருக்கு."

"உங்கம்மாவுக்கும்தான் வயசாச்சு. அதுக்காக முட்டியை மாத்தாம விட்டோமா?"

"என்னைக் காரோட சேர்க்காதீங்க," என்று அடுக்களையிலிருந்து லீலா குரல் கொடுத்தாள். மாசிலாமணி சிரித்தார். மகன் சிரிக்கவில்லை.

"அப்பா, நான் சேஃப்டி ஆபீசர். எங்கப்பாவே ஜாக்கி போட்டு வண்டிக்கு அடியில படுத்துக் கெடந்தா நாலு பேரு என்ன நினைப்பாங்க? சொன்னா கேக்க மாட்டீங்க. சரி, எப்படிக் கேக்க வைக்கிறதுன்னு எனக்குத் தெரியும்."

ஜூரோங்கில் உள்ள ஒரு தொழிற்சாலையில் பணியிடப் பாதுகாப்பைக் கவனிப்பது சரத்தின் வேலை. யாரேனும் விதியை மீறினால் என்ன செய்வான் என்பதை ஒரு தீபாவளி விருந்தில் அவனே விளக்கியிருக்கிறான்: "கிட்டப் போய்ச் சொன்னா சண்டைதான் வரும். தூர நின்னு போட்டோ எடுத்து அனுப்பிடுவேன். அப்புறம் பேப்பர் பேசிக்கும்." அன்று மாசிலாமணி வாழையிலையிலிருந்து நிமிர்ந்து, "கூப்பிட்டா அவன் எந்திரிச்சு வந்துடப் போறான். அதுக்கு எதுக்குடா போட்டோ?" என்று கேட்டார். எல்லாரும் சிரித்தார்கள், பாயசம் வந்தது, பேச்சு மாறியது.

சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு அவர் பலமாடி வாகன நிறுத்துமிடத்தின் மூன்றாம் தளத்துக்குப் போனார். போகும்போது மைலோ பெட்டியிலிருந்து கிழித்த ஓர் அட்டையையும் எடுத்துக்கொண்டார். அது அவர் தொழில் முறை. எதைக் கழற்றினாலும் அதன் வடிவத்தை அட்டையில் வரைந்து, ஒவ்வொரு போல்ட்டையும் அதனதன் இடத்தில் குத்தி வைப்பார். குட்டைப் போல்ட் நிற்க வேண்டிய இடத்தில் நீளப் போல்ட் ஏறினால் பம்பு ஒழுகும், எஞ்சினின் வார்ப்பு உலோகமும் உடையும் என்பார். சந்தைக்குப் போகும் பட்டியலை மறப்பார், மகனின் பிறந்த நாளையும் மறந்திருக்கிறார், அட்டையை மறந்ததில்லை.

பத்தேகாலுக்கு ஒருமுறை மேலே வந்தார். ஒரு குவளைத் தண்ணீரை நின்றபடியே குடித்தார். பழைய துண்டு ஒன்று கேட்டார்.

"பழசைக் கழட்டியாச்சு. ஆறே போல்ட்டுதான். புதுசை ஏத்தி முடுக்கிட்டா வேலை முடிஞ்சுது. திங்கக்கிழமை நீ ராணி மாதிரி போவ."

"மூஞ்சியெல்லாம் வேர்த்திருக்கே?"

"வெயிலுக்கு வேர்க்காம குளுருமா?"

அதுவே அவர் அவளிடம் பேசிய கடைசிப் பேச்சு. பதினொரு மணிக்கு வருவதாகச் சொல்லியிருந்த சரத்திடமிருந்து பத்து ஐம்பதுக்குச் செய்தி வந்தது: பார்க்கிங் நிரம்பியிருக்கிறது, பிறகு வருகிறேன். ஒரு மணி ஆகியும் சாப்பிட வராதவரைத் தேடி, கைத்தடியை ஊன்றிக்கொண்டு லீலா கிளம்பினாள். மூன்றாம் தளத்தில் பாதி இடம் காலியாக இருந்தது. அவருடைய இரண்டு கால்களும் காருக்கு வெளியே நீட்டிக் கிடந்தன. அவர் பெயரைச் சொல்லி அழைக்கும் வழக்கமில்லாத அவள், "என்னங்க" என்றாள். மறுபடியும் "என்னங்க" என்றாள். பிறகுதான் குனிய முடியாத முழங்காலோடு குனிந்தாள்.

ஜாக்கி நழுவவில்லை, முட்டுக் கொடுத்திருந்த இரும்பு முக்காலி அசையவில்லை. அவர் தம் வேலையை முறையாகவே செய்திருந்தார். நின்றது இதயம். காலை எட்டிலிருந்து ஒரு மணிவரை அவ்வழியே எத்தனை பேர் போயிருப்பார்கள்? கார் கழுவியவர்கள், குழந்தையை இருக்கையில் கட்டியவர்கள், சாமான் இறக்கியவர்கள். காருக்கு வெளியே நீண்டிருந்த கால்களை அத்தனை பேரும் பார்த்திருப்பார்கள். வேலை செய்கிறவன் என்று எண்ணியிருப்பார்கள். வேலை செய்கிறவனை எவரும் இரண்டாம் முறை பார்ப்பதில்லை.

அவசர மருத்துவ வண்டிக்காரர்கள் அவரை எடுத்துச் சென்றபோது, அவர் கிடந்த இடத்தருகே அந்த அட்டை கிடந்தது. அதில் இரண்டு போல்ட்டுகள் மட்டும் குத்தி நின்றன. ஏனென்று தெரியாமலேயே லீலா அதை எடுத்துத் துணிப்பையில் வைத்துக்கொண்டாள்.

"டாக்டர் சொன்னாரு, ஒன்பது மணி இருக்கும்னு," என்று சரத் தன் அலுவலக நண்பர்களிடம் சொல்லிக்கொண்டிருந்தான். "ரொம்ப ஃபாஸ்ட். வலியே இருந்திருக்காது. ஒன்பதுக்கே போயிருக்கும்."

காலையிலிருந்து அவன் இதைச் சொல்வது ஐந்தாம் முறையோ ஆறாம் முறையோ. மருத்துவர் சொன்னபோது லீலா அருகில்தான் இருந்தாள். பத்துக்கும் பன்னிரண்டுக்கும் இடையில் என்றுதான் அவர் சொன்னார்.

"பத்தேகாலுக்கு மேல வந்து தண்ணி குடிச்சாரேப்பா," என்றாள்.

"அம்மா கொஞ்சம் கன்ஃப்யூஸ்டா இருக்காங்க," என்று அவன் நண்பர்களிடம் தாழ்ந்த குரலில் சொன்னான். அவர்கள் இரக்கத்தோடு தலையசைத்தார்கள்.

கப்பல் பட்டறையில் மாசிலாமணியோடு வேலை செய்த மாணிக்கம் அவளருகே வந்து உட்கார்ந்தார். கண் சிவந்திருந்தது, வாய் மட்டும் பழைய வாய்.

"எமன் எருமையில வந்ததாலதான் தங்கச்சி இவன் பேசாமப் போயிட்டான். லாரியில வந்திருந்தா, 'இறங்குடா, பெல்ட் சத்தம் போடுது'ன்னு அடியில படுத்திருப்பான்."

லீலாவுக்கு அந்த இரண்டு நாளில் முதன்முறையாகச் சிரிப்பு வந்தது. அது அழுகையாக மாறுவதற்குள், வாகன நிறுத்துமிடக் கண்காணிப்பாளரின் சீருடையணிந்த ஓர் இளைஞர் மேசைகளுக்கிடையே தயங்கித் தயங்கி வந்தார். சட்டையில் உமைர் என்று பெயர் தைத்திருந்தது. கையில் தட்டைக் கணினி.

"எக்ஸ்கியூஸ் மீ ஆன்ட்டி. மூணாவது மாடியில சக்கரம் கழட்டி ஒரு கார் நிக்குது. ஓனர் இந்த ப்ளாக்னு சொன்னாங்க. உங்களுக்குத் தெரியுமா?"

லீலா முகவாயால் சவப்பெட்டியைச் சுட்டினாள். "அதோ படுத்திருக்காரு. போய்க் கேளுங்க."

உமைர் திரும்பிப் பார்த்தார். மாலையிட்ட படத்தைக் கண்டதும் தொப்பியைக் கழற்றிவிட்டார்.

"யா அல்லாஹ்... மன்னிச்சிருங்க ஆன்ட்டி. சத்தியமா தெரியாது. கம்ப்ளெயின்ட் சனிக்கிழமையே வந்திருக்கு. வீக்எண்டா, இன்னிக்குத்தான் எனக்கு அனுப்பினாங்க."

"என்ன கம்ப்ளெயின்ட்?"

"கார்பார்க்ல ரிப்பேர் பண்றாங்க, தரையில தண்ணி ஊத்தியிருக்கு, பாதுகாப்பு இல்ல, ஆக்ஷன் எடுங்கன்னு... விடுங்க ஆன்ட்டி, நான் க்ளோஸ் பண்ணிடறேன்."

"படம் அனுப்பியிருக்காங்களா?"

"இருக்கு. வேணாம் ஆன்ட்டி, இந்த நேரத்துல பார்க்காதீங்க."

"நாப்பத்தி மூணு வருஷம் பார்த்த காலுதானே. காட்டுங்க."

அவர் தயங்கித்தான் காட்டினார். தூக்கி நிறுத்திய கார். அதன் கீழிருந்து வெளியே நீண்ட கால்கள். வலது கால் மடங்கி, பாதம் தரையில் ஊன்றியிருந்தது. பலங்கொடுத்து எதையோ தள்ளுகிறவரின் கால். இடுப்பருகே அட்டை.

"இதைப் பெருசாக்க முடியுமா?"

உமைர் இரண்டு விரல்களால் படத்தை விரித்தார். லீலா மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு எண்ணினாள். ஒன்று, இரண்டு, மூன்று. மறுபடியும் முதலிலிருந்து எண்ணினாள். அட்டையில் ஆறு போல்ட்டுகளும் இருந்தன.

"இது எத்தனை மணிக்கு எடுத்தது?"

"பத்து நாற்பத்திரண்டு. அப்ப வேலை பார்த்துக்கிட்டுத்தான் இருந்திருக்காரு."

"யாரு அனுப்பினது?"

"பேரை மறைச்சுத்தான் வரும் ஆன்ட்டி. எனக்கே தெரியாது."

அவர் சொல்லத் தேவையில்லாமல் போயிற்று. விரித்த படத்தைப் பழைய அளவுக்கு அவர் சுருக்கியபோது, அது நின்றுகொண்டிருந்த ஒரு காருக்குள்ளிருந்து, முன்கண்ணாடி வழியாக எடுக்கப்பட்டது என்பது தெரிந்தது. படத்தின் கீழ் விளிம்பில், தெளிவில்லாமல், சற்றே இடப்பக்கம் சாய்ந்த ஒரு சிறு பித்தளை வேல் இருந்தது. அதில் மஞ்சள் கயிறு சுற்றியிருந்தது. தேக்கா சந்தையில் அந்த வேலை வாங்கியவள் லீலா. மகன் புதுக் கார் எடுத்த அன்று அதை முன்பலகையில் ஒட்டியவளும், அது கோணலாக இருக்கிறது என்று அவன் முணுமுணுத்தபோது, "சாமி சாஞ்சிருந்தாலும் காப்பாத்தும்," என்று சொல்லிக் கயிற்றைச் சுற்றியவளும் அவளே.

"ஆன்ட்டி, தண்ணி ஏதாச்சும்..."

"வேணாம் தம்பி. கார் எத்தனை நாள் அங்க நிக்கலாம்?"

"வியாழக்கிழமை வரைக்கும் நான் பார்த்துக்கறேன்."

அவர் போகும்போது பெட்டியின் அருகே நின்று, கைகளைக் கட்டித் தலை குனிந்துவிட்டுப் போனார். முன்பின் அறியாதவர்.

மேசைக்கு அப்பால் சரத் மேலதிகாரிக்குக் கைகொடுத்துக்கொண்டிருந்தான். ஒன்பது மணி என்னும் சொற்கள் அவள் காதில் மறுபடியும் விழுந்தன. அவன் ஏன் அதைப் பிடித்துத் தொங்குகிறான் என்பது இப்போது விளங்கியது. ஒன்பது மணிக்கே தந்தை இறந்திருந்தால், அவன் எடுத்தது ஒரு பிணத்தின் படம். அதனால் எவருக்கும் கேடில்லை. ஆனால் அந்தப் படத்துக்குப் பிறகு நான்கு போல்ட்டுகள் ஏறியிருக்கின்றன. ஒவ்வொன்றையும் துடைத்து, துளையில் பொருத்தி, விரலால் திருகி, பிறகே ஸ்பேனரை எடுப்பார் அவர். நான்குக்குக் கால்மணி நேரமாவது ஆகியிருக்கும். கண்ணாடியை இறக்கி, அப்பா என்று ஒருமுறை கூப்பிட்டிருந்தால் எழுந்து வந்திருப்பார். வேர்த்த முகத்தை மகன் பார்த்திருப்பான். திட்டியிருப்பான், திட்டிக்கொண்டே உட்கார வைத்திருப்பான். அதன் பிறகும் இறந்திருக்கலாம். இறந்திருக்கமாட்டார் என்று சொல்ல அவள் யார்? ஆனால் தனியாகக் கிடந்திருக்கமாட்டார்.

இரண்டு மணிக்குச் சடங்கு செய்ய வந்திருந்த பண்டாரம் சங்கை ஊதிவிட்டு, "கொள்ளி போடுற மகன் வாங்க," என்றார்.

சரத் ஈர வேட்டியோடு, மழித்த தலையோடு வந்து நின்றான். நெருப்புச் சட்டியைத் தூக்குமுன் தாயின் காலைத் தொட வேண்டும் என்றார் பண்டாரம். அவன் குனிந்தான். அறுபது பேர் நின்றிருந்தார்கள். ஒரு வாக்கியம் போதும். அதன் பிறகு அவனுக்கு அலுவலகமும் இராது, உறவும் இராது. மனைவியின் முகத்தைக்கூட நிமிர்ந்து பார்க்க இயலாது. மாணிக்கம் இருக்கிறார், நெருப்புச் சட்டியை அவர் தூக்குவார். லீலா பெட்டிக்குள் பார்த்தாள். கறுத்த நகங்கள் மார்பின்மேல் அடங்கியிருந்தன. ஆறு போல்ட்டில் ஒன்று இடம் மாறினால் என்ன ஆகும் என்று அறிந்த கை அது.

"போ," என்றாள்.

பண்டாரம் அதை ஆசீர்வாதம் என்று எடுத்துக்கொண்டார்.

மண்டாய் தகனச்சாலைக்குப் போனார்கள். மறுநாள் சாம்பலைக் கடலில் கரைத்தார்கள். புதன்கிழமை காலை பதினொரு மணிக்குச் சரத் வீட்டுக்கு வந்தான்.

"அம்மா, சாவி எங்க? டோ டிரக் சொல்லியிருக்கேன். நேரா ஸ்கிராப் யார்டுக்கு இழுத்துட்டுப் போயிடுவாங்க."

"இழுத்துட்டுப் போக வேணாம். ஓடித்தான் போகணும்."

"எப்படிம்மா ஓடும்? பாதியில நிக்குது."

"பாதியில இல்ல." லீலா துணிப்பையிலிருந்து அட்டையை எடுத்து மேசைமேல் வைத்தாள். "ரெண்டுதான் பாக்கி. சின்ன வயசுல டார்ச் புடிச்சுக்கிட்டு அவரு பக்கத்துலதானே உக்காந்திருப்ப. உனக்குத் தெரியும். முடிச்சு, சக்கரத்தை மாட்டி, ஓட்டிக்கிட்டுப் போ."

"கார்பார்க்ல செய்யக் கூடாதும்மா. யாராவது கம்ப்ளெயின்ட்..."

"பண்றவங்க பண்ணட்டும்."

அவன் அட்டையைப் பார்த்தான். பென்சிலால் வரைந்த பம்பின் வடிவம், அதைச் சுற்றி ஆறு துளைகள். நான்கு வெறுமையாக இருந்தன.

"பத்தே முக்கா மணிக்கு ஆறும் இருந்துச்சு," என்றாள் லீலா.

அடுக்களைக் குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. அவன் ஒன்பது மணி என்று சொல்லவில்லை. டாக்டர் என்று சொல்லவில்லை. பிறகு கைக்கடிகாரத்தைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, அட்டையை இரண்டு கையாலும் எடுத்தான்.

மூன்றாம் தளத்தில் தரையில் சிந்திய சிவப்பு காய்ந்து வெளிறிப்போயிருந்தது. அவர் கேட்டு வாங்கிப் போன பழைய துண்டு அங்கேயே கிடந்தது. சரத் இரும்பு முக்காலியை அசைத்துப் பார்த்தான். அவனுடைய தொழில் அந்த அளவுக்குப் பயன்பட்டது. அட்டையைத் தரையில் வைத்துவிட்டு, மல்லாந்து, தோளால் நகர்ந்து நகர்ந்து உள்ளே போனான். இடுப்புக்குக் கீழே மட்டும் வெளியே தெரிந்தது. ஒரு கை நீண்டு வந்து, தடவித் தடவி, ஒரு போல்ட்டைப் பிடுங்கிக்கொண்டு உள்ளே போயிற்று.

லீலா தூணில் சாய்ந்து நின்றாள். எதிர்வரிசையில் ஒரு கார் வந்து நின்றது; ஒருவர் இறங்கி, நீட்டிய கால்களை ஒரு கணம் பார்த்துவிட்டு மின்தூக்கியை நோக்கிப் போனார். உள்ளே ஸ்பேனர் நின்று நின்று ஒலித்தது. ஒலித்தது, பிறகு ஒலிக்கவில்லை. வலது கால் மடங்கியபடியே இருந்தது.

"சரத்," என்று கூப்பிட்டாள்.

"என்னம்மா?"

"ஒண்ணுமில்ல. கூப்பிட்டுப் பார்த்தேன்."

காருக்கு அடியில் ஸ்பேனரைத் தரையில் வைக்கும் சத்தம் கேட்டது. அட்டையில் ஒரு போல்ட் நின்றிருந்தது.